எலக்ட்ரிக் கிட்டார் பயிற்சிக்கு ஹெட்ஃபோன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்பில் ஹெட்ஃபோனைச் செருகி வாசிப்பவர்கள் மறுபடி மறுபடி கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட பாணியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். எந்த மாடல் ஹெட்ஃபோன் வாங்குவது என்றுதான் பெரும்பாலானோர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். காதில் விழும் டோனை, அதாவது ஒலியின் தன்மையை, முதலில் தீர்மானிப்பதோ ஆம்ப்பின் ஹெட்ஃபோன் ஜாக்குக்குப் பின்னால் இருக்கும் சர்க்யூட். அதனால் கீழே உள்ள கேள்விகளில் பாதி ஆம்ப்பைப் பற்றியே இருக்கும்.

ஆம்ப்பின் பின்னால் நாலைந்து ஓட்டை இருக்கு. ஹெட்ஃபோனை எதில் சொருகுவது?

ஹெட்ஃபோன் படமோ "ஃபோன்ஸ்" என்ற எழுத்தோ உள்ள ஜாக்கில் மட்டும். பல ஆம்ப்களில் அது ரெக்கார்டிங் அவுட்டாகவும் இருக்கும், அதில் தவறில்லை. அங்கே பிளக் நுழைந்ததும் உள்ளே இருக்கும் சுவிட்ச் ஸ்பீக்கரைத் துண்டித்துவிடும். எஃபெக்ட்ஸ் சென்ட் (பெடல்களுக்குச் சிக்னல் அனுப்பும் ஜாக்), லைன் அவுட் (மிக்சர் போன்றவற்றுக்கு அனுப்பும் ஜாக்) ஆகியவை ஹெட்ஃபோனை ஓட்டும் வலுவுடன் செய்யப்பட்டவை அல்ல. ஒலி மெலிதாக வரும், ஸ்பீக்கரும் அணையாது.

ஸ்பீக்கர் அவுட் ஜாக்கில் எந்தக் காரணத்துக்காகவும் செருகாதீர்கள். பல வாட் சக்தி வரும் இடம் அது. ஹெட்ஃபோனுக்குச் சில மில்லிவாட் போதும், அதிகம் போனால் நொடியில் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகும், காதில் மாட்டியிருந்தால் காதுக்கும் கேடு. வெற்றிடக் குழாய்களால் ஓடும் ட்யூப் ஆம்ப்பாக இருந்தால் ஆம்ப்பும் சேர்ந்து போகும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

பெரிய பிளக், சின்ன பிளக் என்று ரெண்டு வருதே. எது உள்ள ஹெட்ஃபோன் வாங்கணும்?

பெரியது 6.35 மி.மீ., சின்னது 3.5 மி.மீ. பெரும்பாலான கிட்டார் ஆம்ப்களில் பெரியதும், கையடக்கக் கருவிகளில் சின்னதும் இருக்கும். இதை வைத்து ஹெட்ஃபோனைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, அடாப்டர் போதும். வாங்கும்போது அதன் பிளக்கில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஒரு வளையம் என்றால் அது மோனோ, ஒரே சிக்னலை மட்டும் கடத்தும்.

சின்ன ஜாக் உள்ள கருவியில் பெரிய பிளக்கைப் பொருத்த நேர்ந்தால் கட்டையான உலோக அடாப்டர் வேண்டாம். அதன் பாரம் ஜாக்கை நெம்பி, உள்ளே சால்டரை விரிசல் விட வைக்கும். ஒரு சாண் கேபிளுடன் வரும் அடாப்டர் நல்லது.

ஒரு காதில் மட்டும்தான் கேட்குது. ஹெட்ஃபோன் போயிடுச்சா?

முதலில் போனிலோ கணினியிலோ மாட்டிப் பாருங்கள். அங்கே இரு காதிலும் கேட்டால் ஹெட்ஃபோன் நலம். மிச்சமிருக்கும் காரணங்கள் மூன்று: பிளக் கடைசி வரை போகவில்லை, அடாப்டர் மோனோ, அல்லது ஆம்ப்பின் ஜாக்கே மோனோ. மோனோ ஜாக் பிளக்கின் நுனியை மட்டும் தொடும். நுனி இடது காதுக்குரியது, எனவே வலது காது ஊமையாகிவிடும்.

ஜாக்கே மோனோ என்றால், மோனோ பிளக்கிலிருந்து ஸ்டீரியோ சாக்கெட்டுக்கு மாற்றி, ஒரே சிக்னலை இரு காதுக்கும் பிரிக்கும் அடாப்டர் வேண்டும். அதில் இரண்டு டிரைவர்களும் (காதுக்குள் ஒலி எழுப்பும் சிறு ஸ்பீக்கர்கள்) பேரலலாகச் சேர்வதால் 32 ஓம் இம்பீடன்ஸ் (மின்தடை) உள்ள ஹெட்ஃபோன் ஆம்ப்பின் கண்ணுக்கு 16 ஓம் ஆகத் தெரியும். இதே அடாப்டரை ஸ்டீரியோ ஜாக்கில் போடாதீர்கள், வலது சேனலின் வெளியீடு நேராகக் கிரவுண்டுடன் ஷார்ட் ஆகும்.

போனோடு வந்த இயர்போன் போதாதா?

ஸ்கேல், விரல் பயிற்சி என்றால் போதும். டோன் அமைக்க உட்கார்ந்தால் போதாது. காதுக்குள் சரியாக அடைத்து நிற்காவிட்டால் தாழ்ந்த ஒலி கசிந்து போய்விடும். கிட்டாரின் ஆறாவது கம்பியைத் திறந்து மீட்டினால் 82 ஹெர்ட்ஸ், சீல் இல்லாத இயர்போனில் அந்த அடிநாதம் மெலிந்து, மேற்சுரங்கள் மட்டும் தூக்கலாகக் கேட்கும். அதை நம்பி பேஸ் குமிழைத் திருப்பினால் ஸ்பீக்கரில் கும்மென்று அடைக்கும்.

ஓப்பன் பேக், க்ளோஸ்டு பேக் இரண்டில் எது கிட்டாருக்கு நல்லது?

எங்கே வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓப்பன் பேக்கில் கப்பின் பின்புறம் வலை போலத் திறந்திருக்கும். ஒலி தலைக்குள் அடைபடாமல் சற்று விலகி நிற்பதுபோல் இருக்கும், காது வேர்க்காது, நீண்ட நேரம் தாங்கும். ஆனால் உள்ளே கேட்பது வெளியேயும் கேட்கும். ஒரே அறையில் ஒருவர் தூங்கினால் இது உதவாது.

கவனிக்கப்படாத இன்னொரு விஷயம்: எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகளுக்கே ஒரு சத்தம் உண்டு. ஓப்பன் பேக்கில் மெதுவாக வைத்து வாசித்தால் அந்தக் "கிளிங்" ஆம்ப் ஒலியோடு கலந்து, கம்பியை மீட்டும் பிக்கின் அடி உண்மையில் இருப்பதைவிடக் கூர்மையாகத் தோன்றும். க்ளோஸ்டு பேக் அதை ஓரளவு தடுக்கும், அதனால் குறைந்த வால்யூமிலேயே ஆம்ப் ஒலி தெளிவாகக் கேட்கும். ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால், வீட்டில் பயிற்சிக்கு, காதை முழுக்க மூடும் க்ளோஸ்டு பேக்கையே பரிந்துரைக்கிறோம்.

நல்ல ப்ளூடூத் ஹெட்ஃபோன் ஏற்கெனவே இருக்கு. அதையே பயன்படுத்தலாமே?

வாசிப்பதற்கு முடியாது. வழக்கமான ப்ளூடூத் இணைப்பில் ஒலி 150 முதல் 250 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு பதினாறாம் சுரத்தின் (தாள அடியில் கால் பங்கு) நீளமே 125 மில்லிசெகண்ட். அதாவது நீங்கள் அடுத்த சுரத்தை அடித்த பிறகுதான் முந்தையது காதுக்கு வரும். கை தானாகத் தயங்கத் தொடங்கும், தாளம் கெடும். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். 10 மில்லிசெகண்ட் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி வைத்த ஆம்ப்புக்குச் சமம், அது கைக்குப் பழகும். 200 என்பது கிட்டத்தட்ட 70 மீட்டர்.

அதே ஹெட்ஃபோனில் கேபிள் செருகும் வசதி இருந்தால் அப்படிப் பயன்படுத்துங்கள். சத்தநீக்க வசதியை அணைத்துவிடுங்கள், சில மாடல்களில் அது கேபிள் வழியாக வரும் ஒலியையும் டிஜிட்டலாக மாற்றித் தாமதமும் பேஸ் தூக்கலும் சேர்க்கும். கம்பி கட்டாயம் கூடாது என்றால், கிட்டாருக்கென்றே தனி டிரான்ஸ்மிட்டருடன் வரும் பாஸ் நிறுவனத்தின் வாஸா-ஏர் போன்றவை இருக்கின்றன. அவை கிட்டார் சிக்னலுக்கு வழக்கமான ப்ளூடூத்தை நம்புவதில்லை.

ஸ்பீக்கரில் அருமையாக இருக்கிற டிஸ்டார்ஷன், ஹெட்ஃபோனில் ஏன் கொசு மாதிரி ரீங்கரிக்குது?

இந்த ஒரு கேள்விக்கு விடை புரிந்தால் பாதி ஏமாற்றம் தீரும். கிட்டார் ஸ்பீக்கர் முழு ஒலிவரிசையையும் தருவதில்லை. செலெஸ்டியன் வின்டேஜ் 30 என்ற புகழ்பெற்ற 12 அங்குல ஸ்பீக்கரின் வரம்பு 70 ஹெர்ட்ஸ் முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை என்றுதான் தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். அதற்கு மேல் செங்குத்தாக விழுந்துவிடும். டிஸ்டார்ஷனோ சிக்னலின் முகட்டை வெட்டுவதால் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் ஏராளமான ஹார்மோனிக்ஸை (மேற்சுரங்களை) உண்டாக்குகிறது. ஸ்பீக்கர் அவற்றை வடிகட்டிவிடுகிறது. ஹெட்ஃபோன் 20 கிலோஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்து காதருகே கொட்டுகிறது. அந்த ரீங்காரம் ஹெட்ஃபோனின் குறையல்ல. விலை கூடிய, துல்லியமான ஹெட்ஃபோனில் அது இன்னும் தெளிவாகக் கேட்கும்!

தீர்வு, ஹெட்ஃபோனுக்கு முன்னால் கேபினெட் சிமுலேஷன். ஸ்பீக்கரும் பெட்டியும் மைக்கும் சேர்ந்து செய்யும் வடிகட்டலை அது போலியாகச் செய்யும். பிற ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் இன்றைய மாடலிங் ஆம்ப்களின் ஹெட்ஃபோன் ஜாக்கில் பெரும்பாலும் இது உள்ளேயே இருக்கும். பழைய எளிய டிரான்சிஸ்டர் ஆம்ப்களில் பெரும்பாலும் இருக்காது. கையேட்டில் "ஸ்பீக்கர் எமுலேட்டட்" என்பது போன்ற சொல்லைத் தேடுங்கள். கையேடு இல்லையென்றால் டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயின் குமிழை முழுதாக ஏற்றி ஒரு பவர் கார்டு (சேர்த்து அடிக்கும் இரண்டு சுரங்கள்) அடித்து நிறுத்துங்கள். மணல் உரசுவதுபோல ஒரு மேல்படலம் தனியாகத் தெரிந்தால் சிமுலேஷன் இல்லை.

சிமுலேஷன் இல்லாத ஆம்ப்பில் எஃபெக்ட்ஸ் சென்டிலிருந்து ஐஆர் (ஒரு கேபினெட்டின் ஒலித்தன்மையைப் பதிவு செய்த கோப்பு) ஏற்றும் பெடலுக்கு எடுத்து, ஹெட்ஃபோனை அந்தப் பெடலில் மாட்டலாம். ட்ரெபிள் குமிழை மட்டும் குறைப்பது மாற்றாகாது. அது 5 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பிக் அடியையும் சேர்த்துக் குறைக்கும், மேலே இருக்கும் இரைச்சலை முழுதாக ஒழிக்காது. இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: பெடலில் ஒரு சிமுலேஷன், ஆம்ப் ஜாக்கில் இன்னொன்று என்று இரண்டும் சேர்ந்தால் ஒலி போர்வைக்குள் இருந்து வருவதுபோல் மந்தமாகும். ஒன்றை அணையுங்கள்.

32, 80, 250 ஓம் என்று போட்டிருக்காங்களே, எதை எடுப்பது?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு ஹெட்ஃபோன் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல் தருகிறது என்று வைப்போம். உச்ச அடிகளுக்கு 110 டெசிபெல் வேண்டும் என்றால் இன்னும் 14 டெசிபெல், அதாவது சுமார் 25 மில்லிவாட். அதை 32 ஓமில் தர 0.9 வோல்ட் போதும். 250 ஓமில் தர 2.5 வோல்ட் வேண்டும். பேட்டரியிலோ யுஎஸ்பியிலோ ஓடும் சிறு கருவிகளுக்கு 2.5 வோல்ட் பெரும்பாலும் எட்டாக்கனி. எனவே கையடக்கக் கருவிக்கு 32 முதல் 64 ஓம், மின் இணைப்பில் ஓடும் ஆம்ப்புக்கு 80 ஓம் வரை தயக்கமின்றி எடுக்கலாம். 250-ஐ ஆம்ப்பில் மாட்டிக் கேட்ட பிறகே எடுக்க வேண்டும்.

இதில் ஒரு திருப்பம் உண்டு. சில ஆம்ப்களில் தனி ஹெட்ஃபோன் சர்க்யூட் இருக்காது, ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீட்டையே ஒரு ரெசிஸ்டர் வழியாக ஜாக்குக்குக் கொடுத்திருப்பார்கள். அந்த ரெசிஸ்டர் 100 ஓம் என்றால், 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு வோல்டேஜில் 24 சதவீதமே போய்ச் சேரும், 250 ஓமுக்கு 71 சதவீதம். அங்கே 250 ஓம் நன்றாகவே ஓடும், 32 ஓமோ பேஸ் உப்பித் தொளதொளவென்று கேட்கலாம். காரணம், டைனமிக் ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ் பேஸ் பகுதியில் ஓரிடத்தில் ஏறும். வெளியீட்டு இம்பீடன்ஸ் அதிகமாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒலி கூடிவிடும். ஜாக்கின் வெளியீட்டு இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருப்பது நல்லது என்ற பொதுவிதி இதிலிருந்து வந்ததுதான்.

சரி, பேர் சொல்லுங்க. எந்த மாடல்?

ஸ்டுடியோவில் பேர் வாங்கிய சில க்ளோஸ்டு பேக் மாடல்கள்: சோனி எம்டிஆர்-7506 (63 ஓம்), ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்40எக்ஸ் (35 ஓம்), சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ (64 ஓம்), பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ. கடைசியாகச் சொன்னது 32, 80, 250 ஓம் என்று மூன்றாக வந்திருக்கிறது, பெட்டியில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பாதி திறந்த வகையில் ஏகேஜி கே240 ஸ்டுடியோ (55 ஓம்).

இவற்றுக்குள் வேறுபாடு முக்கியமாக உயர் ஒலியில். 7506, டிடி 770 இரண்டும் மேலே சற்றுப் பளிச்சென்று இருக்கும். க்ளீன் டோன் வாசிப்பவருக்கு அது தெளிவு, அதிக கெயின் வாசிப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் களைப்பு. எம்40எக்ஸ் ஒப்பீட்டளவில் சமன். பாட்டுக் கேட்பதற்காக பேஸை ஏற்றி விற்கும் ஹெட்ஃபோன்களைத் தவிருங்கள். கிட்டாரின் கீழ்ப்பகுதி ஏற்கெனவே பெருத்துக் கேட்கும்போது ஆம்ப்பில் அதைக் குறைத்துவிடுவீர்கள், நாலு பேரோடு வாசிக்கும் நாளில் உங்கள் டோன் தகரமாகிப் போகும். பேஸ் கிட்டார் வாசிப்பவர் விஷயம் வேறு. அவருடைய கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ், அதை உப்பலின்றித் தரும் நன்கு சீல் ஆகும் ஹெட்ஃபோன் அவருக்குக் கட்டாயம்.

கண்ணாடி போடுகிறேன், ஹெட்ஃபோன் அழுத்தி வலிக்குது. என்ன செய்ய?

துணி போன்ற வெலூர் பேட் உள்ளதை எடுங்கள், கண்ணாடிக் காம்புக்கு இடம் கொடுத்து மடியும். தோல் பேட் காம்பைச் சுற்றி இடைவெளி விடும், அந்தச் சந்து வழியே பேஸ் கசியும். பேட் தட்டையாகிப் போன பழைய ஹெட்ஃபோனிலும் இதே கதை. பேட் மட்டும் மாற்ற முடிகிற மாடலாக இருப்பது பெரிய சேமிப்பு.

கேபிளும் வசதியில் சேர்ந்ததே. 1.2 மீட்டர் கேபிள் ஆம்ப்புக்கு எட்டாது, 3 மீட்டர் நேர் கேபிள் சரியாக இருக்கும். சுருள் கேபிள் எந்நேரமும் தலையை ஒரு பக்கம் இழுக்கும். கேபிள் இடது கப்பிலிருந்து இறங்கும் மாடல்களில், வலது கையால் மீட்டுபவருக்கு அது கழுத்துப் பிடிக்கும் கையில் சிக்கும். தோளுக்குப் பின்னால் போட்டு ஸ்ட்ராப்புக்கு அடியில் கொண்டுபோனால் தொல்லையில்லை.

வாசிக்காமல் இருக்கும்போது "உஸ்ஸ்" என்று கேட்குது. ஆம்ப் கோளாறா?

கிட்டார் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். இரைச்சல் போய்விட்டால் அது பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) பிடிக்கும் சத்தம். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்பில் கணினித் திரை, சார்ஜர் பக்கத்திலிருந்து விலகித் திரும்பி உட்கார்ந்தாலே குறையும். போகவில்லை, ஆனால் கெயினைக் குறைத்தால் குறைகிறது என்றால் ப்ரீஆம்ப் (ஆம்ப்பின் முதல் பெருக்கப் பகுதி) இரைச்சல், வாசிக்காதபோது ஒலியை அடைக்கும் நாய்ஸ் கேட் உதவும். எதைத் திருப்பினாலும் ஒரே அளவில் இருந்தால் ஹெட்ஃபோன் சர்க்யூட்டின் அடி இரைச்சல். 16 ஓம் இன்-இயர் போன்ற மிகை உணர்திறன் கொண்டவற்றில்தான் அது துலக்கமாகத் தெரியும், 60-80 ஓம் ஹெட்ஃபோனில் பெரும்பாலும் மறைந்துவிடும். யுஎஸ்பி சார்ஜரில் போட்டபடி வாசிக்கும்போது மட்டும் "ங்ங்" என்ற ஒலி வந்தால், கழற்றிவிட்டு பேட்டரியில் வாசியுங்கள்.

போனில் ஓடும் பாட்டோடு சேர்ந்து வாசிக்கணும். ப்ளூடூத் கூடாது என்றீர்களே?

போனிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டு ப்ளூடூத்தில் வரலாம், தடையில்லை. பாட்டு முழுவதும் ஒரே அளவு தாமதமாக வருகிறது, நீங்கள் கேட்பதை ஒட்டி வாசிக்கிறீர்கள், கிட்டார் கம்பி வழியே உடனே கேட்கிறது. ஆம்ப்பிலிருந்து காதுக்கு வரும் கடைசிக் கட்டம்தான் கம்பியாக இருக்க வேண்டும். போனில் வீடியோவாகப் பதிவு செய்யும்போது மட்டும் பாட்டும் கையும் பொருந்தாமல் போகும், அப்போது போனை ஆம்ப்போடு ஆக்ஸ் கேபிளால் இணையுங்கள்.

கேமிங் ஹெட்செட்டை மாட்டினால் ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) மட்டும் கேட்குது, கிட்டாரைக் காணோம்! எப்படி?

மைக் உள்ள ஹெட்செட் பிளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள், நான்கு பட்டைகள். இன்று வழக்கத்தில் உள்ள அமைப்பில் மூன்றாவது பட்டை கிரவுண்ட், கடைசிப் பட்டை மைக். சில ஜாக்குகளும் அடாப்டர்களும் கடைசிப் பட்டையை மட்டுமே தொடும். கிரவுண்ட் அந்தரத்தில் நின்றால் இடது, வலது சிக்னல்களுக்கு இடையிலான வித்தியாசம் மட்டுமே காதில் கேட்கும். கிட்டார் மோனோ, இரு பக்கமும் ஒன்றே, வித்தியாசம் பூஜ்யம். ஸ்டீரியோ ரிவெர்ப்பில் இரு பக்கமும் வேறு வேறு என்பதால் அது மட்டும் மிஞ்சுகிறது. பிளக்கை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் கிட்டார் திரும்பி வந்தால் காரணம் இதுவேதான். மைக்கையும் ஹெட்ஃபோனையும் தனித்தனியாகப் பிரிக்கும் அடாப்டர் நிரந்தரத் தீர்வு.

ட்யூப் ஆம்ப்பில் ஹெட்ஃபோன் ஓட்டையே இல்லை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஏதாவது செய்யலாமா?

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசிக்கக் கூடாது. பளு இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி அதன் காப்பு உடையும், ட்யூப் சாக்கெட்டில் பொறி பறக்கலாம். பாதுகாப்பான வழி, ஸ்பீக்கருக்குப் பதிலாகப் பளுவைத் தரும் லோட் பாக்ஸ். ஆம்ப்பின் ஓமும் பாக்ஸின் ஓமும் ஒன்றாக இருக்க வேண்டும். வாட் அளவில் ஆம்ப்பைவிடத் தாராளமாக எடுங்கள், முழுதாக ஏற்றிய ட்யூப் ஆம்ப் தன் பெயர்ப்பலகை வாட்டை மீறும். பாக்ஸ் சூடாகும், மேலே எதையும் வைக்காதீர்கள். அதற்குள் கேபினெட் சிமுலேஷனும் ஹெட்ஃபோன் ஜாக்கும் இருந்தால் வேலை முடிந்தது.

பணம் ஒதுக்க முடியாதபோது: ஸ்பீக்கர் இணைந்தே இருக்கட்டும், எஃபெக்ட்ஸ் சென்டிலிருந்து மேலே சொன்ன ஐஆர் பெடலுக்கு எடுங்கள், ரிட்டர்ன் ஜாக்கில் எதனோடும் இணையாத ஒரு பிளக்கைச் செருகுங்கள். சிக்னல் முழுவதும் சென்ட், ரிட்டர்ன் வழியாகவே போகும் தொடர்வகை லூப் உள்ள ஆம்ப்களில் ஸ்பீக்கர் மௌனமாகும். பவர் ட்யூப்பின் குணம் இதில் கிடைக்காது, ப்ரீஆம்ப் குணம் முழுதாகக் கிடைக்கும்.

ஹெட்ஃபோனில் அமைத்த டோன் ஸ்பீக்கரில் வேறு மாதிரி இருக்கே?

இருக்கத்தான் செய்யும். அறையின் எதிரொலி இல்லை, நெஞ்சில் மோதும் காற்று இல்லை, ஸ்பீக்கர் கம்பியை அதிரவைத்துத் தரும் நீட்டிப்பும் இல்லை. மெல்லிய வால்யூமில் நம் காது பேஸையும் ட்ரெபிளையும் குறைவாகவே உணரும் என்பதால், இரவில் அமைத்த டோனில் இரண்டும் தூக்கலாக இருக்கும். ஹெட்ஃபோனுக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனி பேட்ச் (டோன் அமைப்பு) சேமியுங்கள். ஹெட்ஃபோன் பேட்ச்சில் ரூம் வகை ரிவெர்ப் கொஞ்சம் சேர்த்தால் தலைக்குள் அடைபட்ட உணர்வு குறையும்.

எவ்வளவு சத்தம் வரை காதுக்குப் பாதுகாப்பு?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி, 92-இல் இரண்டரை மணி. தினம் ஒரு மணி நேரம் வாசிப்பவர் 87-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

பழக்கம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மாஸ்டர் வால்யூம் பூஜ்யம், ஆம்ப் ஆன், பிளக்கைச் செருகி, அதன் பிறகே ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டுவது. ஆன் செய்யும்போது வரும் "டப்" காதில் விழாது. வலுவாக அடித்தபடி குமிழை ஏற்றி, சரியான இடத்தில் ஒரு சிறு ஒட்டுத்தாள் அடையாளம் வையுங்கள். அரை மணி கழித்துக் காது பழகி "இன்னும் கொஞ்சம்" கேட்கும், அப்போது அந்த அடையாளத்தைத் தாண்டாதீர்கள். கழற்றிய பிறகு காதில் ரீங்காரம் இருந்தால் அன்றைய அளவு மிகை, மறுநாள் அடையாளத்தைக் கீழே இறக்குங்கள்.

கற்றுக்கொடுப்பவரும் நானும் ஒரே ஆம்ப்பில் ரெண்டு ஹெட்ஃபோன் மாட்டலாமா?

ஒய் வடிவப் பிரிப்பான் போதும், ஆனால் இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். வேறு வேறு என்றால் ஒருவருக்குக் கத்தும், இன்னொருவருக்குக் கேட்காது. இரண்டு 32 ஓம் சேர்ந்தால் 16 ஓம், வலுவற்ற ஜாக்கில் ஒலி இளைக்கும். ஒவ்வொருவருக்கும் தனி வால்யூம் உள்ள சிறு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் வைத்தால் இரண்டு சிக்கலும் தீரும்.

வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

முடிந்தால் உங்கள் ஆம்ப்பையோ அதே மாடலையோ வைத்துத்தான் சோதிக்க வேண்டும், போனில் பாட்டுப் போட்டு அல்ல. முதலில் க்ளீன் டோனில் ஆறாவது கம்பியிலிருந்து முதல் கம்பி வரை ஒவ்வொரு சுரமாக ஏறுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் ஒலி திடீரென உப்பினால் இம்பீடன்ஸ் பொருந்தவில்லை. அடுத்து கெயினை ஏற்றி உள்ளங்கையால் கம்பியை அடக்கி வாசியுங்கள், ஒவ்வொரு அடியும் தனித்தனியே கேட்க வேண்டும். பிறகு வால்யூம் குமிழ் பாதியைத் தாண்டாமலே போதுமான சத்தம் வருகிறதா என்று பாருங்கள். கடைசியில் கழற்றாமல் இருபது நிமிடம் உட்காருங்கள். நெற்றிப்பொட்டு வலிக்கும் ஹெட்ஃபோன் எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் அலமாரிக்குத்தான் போகும்.